எழுதும்போது மட்டும் ஃபோன் வேண்டாம்: ஓர் ஆங்கில ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் 43 பிள்ளைகள், எல்லாரும் தமிழ் வழி. கடிதம், கட்டுரை எது கொடுத்தாலும் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்துதான் எழுதுகிறார்கள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுகிறார்கள். இப்போது சாட்ஜிபிடியும் சேர்ந்துகொண்டது, வீட்டில் ஃபோன் இருப்பவர்கள் அதிலிருந்து அப்படியே எழுதி வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டில் ஸ்மார்ட்ஃபோனே கிடையாது. ஹைடெக் லேபில் 10 கம்ப்யூட்டர், அதில் 7 ஓடுகிறது. ஒரு வகுப்பறையில் புரொஜெக்டர் இருக்கிறது. டெக்னாலஜியைப் பயன்படுத்துங்கள் என்று ஹெச்.எம். சொல்கிறார். எந்த ஆப் நல்லது? காப்பி அடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? 43 நோட்டையும் எப்படித் திருத்துவது? அடுத்த வருஷம் பொதுத்தேர்வு வேறு.

பதில்: அன்புள்ள டீச்சர், வணக்கம்.

எந்த ஆப் என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாக எதையும் இறக்க வேண்டாம். உங்கள் ஃபோனில் இருக்கும் கேமரா, ரெக்கார்டர், வாட்ஸ்அப், லேபில் இருக்கும் சாதாரண வேர்டு, அந்த புரொஜெக்டர், இவ்வளவும் உங்களுக்குப் போதும், 7 கம்ப்யூட்டர் என்பதும் குறைவே இல்லை. ஆசிரியர் பயிற்சிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, நல்ல ஆப் ஒன்றைக் காட்டியதும் எல்லாரும் குறித்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை எழுத்து வகுப்பின் எந்த நிமிடத்தில் நுழைப்பது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். பிள்ளை எழுதுவதற்கு முன்னால் கருவி வரலாம், எழுதி முடித்த பிறகும் வரலாம். நடுவில், பேனாவைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தை என்ன என்று பிள்ளை யோசிக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மட்டும் எந்தக் கருவியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

காப்பி விஷயத்தில் நீங்கள் சாட்ஜிபிடி மேல் கோபப்படுகிறீர்கள். அது வந்தது 2022 நவம்பரில். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே நம் பிள்ளைகள் கைடிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாமும் அதற்கு டிக் போட்டு மதிப்பெண் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் ஊரில் நூலகம் வேண்டும் என்று கலெக்டருக்குக் கடிதம் எழுது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொந்தமாக எழுதாது, ஏனென்றால் அந்தக் கடிதம் எங்கேயும் போகப்போவதில்லை, அதைப் படிக்கப்போகும் ஒரே ஆள் நீங்கள், நீங்களும் படிப்பது தப்பைத் தேடுவதற்காக. போதாததற்கு, தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை கலெக்டருக்கு மனு எழுத வேண்டும் என்றால் தமிழில்தான் எழுதும். ஆங்கிலத்தில் ஏன் எழுத வேண்டும் என்பதற்கு அந்தப் பிள்ளையிடம் காரணமே இல்லை.

ஆகவே டெக்னாலஜியை வைத்து நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, ஆங்கிலத்தில் எழுதினால்தான் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு வாசகரைப் பிள்ளைகளுக்குத் தேடிக் கொடுப்பது. அமெரிக்கா, லண்டன் என்றெல்லாம் போக வேண்டாம். கேரளாவிலோ ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ ஒரு அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு போதும். அங்கே இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நம் பிள்ளைக்கு மலையாளமோ தெலுங்கோ படிக்கத் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். அரைகுறை என்பதே இங்கே வசதி. எதிரில் இருப்பவர் நம்மைவிட ரொம்பப் பெரிய ஆள் என்ற பயம் இருக்காது. பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறதே, தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்கள் பயிற்சிக்கு ஒன்றாகச் சேருகிற இடம், அங்கே போய்வந்தவர்கள் உங்கள் வட்டாரத்திலும் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பேட்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு செய்தி போடச் சொல்லுங்கள், ஒரு ஆசிரியர் கிடைத்தால் போதும்.

நடைமுறை இப்படி. பிள்ளைகள் தாளில் கையால் எழுதுகிறார்கள். நீங்கள் உங்கள் ஃபோனில் படம் எடுத்து அந்த ஆசிரியருக்கு அனுப்புகிறீர்கள், அவர் புரொஜெக்டரிலோ பிரின்ட் எடுத்தோ தன் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார், பதில் அதே வழியில் வருகிறது. வகுப்பு முழுவதற்கும் தேவைப்படுவது ஒரே ஒரு ஃபோன், அது உங்களுடையது. வீட்டில் ஃபோன் இல்லாத பிள்ளை, அப்பா வேலைக்கு எடுத்துப் போய் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கொண்டுவருகிறார் என்கிற பிள்ளை, யாருக்கும் இதில் குறை வராது. பிள்ளைகளின் நம்பர் எதுவும் அந்தப் பக்கம் போக வேண்டாம், தாளில் பெயர் மட்டும் இருக்கட்டும், முகவரியும் முகம் தெரிகிற படமும் வேண்டாம். இரண்டு பக்கத்து ஹெச்.எம்.களிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. என் பள்ளி, என் ஊர், என் நண்பன் என்று கொடுத்தால் மறுபடியும் கைடு வாசனை வந்துவிடும். பள்ளிக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் வைத்துக்கொண்டு போனால் என்னென்ன வாங்கலாம் என்று கேளுங்கள். கமர்கட்டு, தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய் என்று பிள்ளை எழுதும். அந்தப் பக்கத்திலிருந்து கமர்கட்டு என்றால் என்ன, எதில் செய்வது, கடித்தால் உடையுமா என்று கேள்வி வரும். வெல்லத்துக்கு ஆங்கிலத்தில் என்ன, தேங்காய் துருவுவதை எப்படிச் சொல்வது, பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதை எப்படி எழுதுவது என்று பிள்ளை தானாக உங்களிடம் வந்து நிற்கும். இந்தக் கேள்விகள் எந்தக் கைடிலும் இல்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால் கமர்கட்டைப் பற்றிப் பொதுவாக ஏதாவது சொல்லும், உங்கள் பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் பாட்டி காசு இல்லாத பிள்ளைக்கு நாளைக்குக் கொடு என்று கொடுத்துவிடுவார் என்பது அதற்குத் தெரியாது. மழை பெய்தால் பள்ளி மைதானத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், ஊர்த் திருவிழாவில் ராட்டினம் ஏறப் பயந்தது யார், வீட்டில் ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தார்கள், இப்படிப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைக் கேளுங்கள். காப்பி அடிக்க முடியாத கேள்வியாகக் கேட்டால் பிரச்சினையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

சரி, எழுதுவதற்கு முன்னால் என்ன செய்யலாம்? பேச விடுங்கள். தமிழில் பேசட்டும், தயவுசெய்து தடுக்காதீர்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்கிற வழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது, எழுத்துக்கு அதைவிடப் பெரிய கெடுதல் எனக்குத் தெரியவில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்பது பிள்ளையின் மனசில் தமிழில்தான் உருவாகிறது. அதை இரண்டு இரண்டு பேராக முதலில் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் அதே விஷயத்தைத் தெரிந்த ஆங்கிலத்தில், நடுவில் தமிழ் வார்த்தை கலந்தாலும் பரவாயில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஃபோனில் இரண்டு மூன்று பேருடையதை ரெக்கார்டு செய்து வகுப்புக்குப் போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்கும் பிள்ளைக்குத் தான் எங்கே நின்றோம், எந்த வார்த்தை வராமல் இழுத்தோம் என்று உடனே தெரியும், நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

இதோடு சேர்த்து ஒன்று செய்து பார்க்கலாம். ஃபோனின் கீபோர்டில் மைக் படம் இருக்கிறதல்லவா, மொழியை இந்திய ஆங்கிலம் என்று மாற்றி வைத்துவிட்டு ஒரு பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். பேசப் பேச எழுத்தாக விழும். நம் உச்சரிப்பை அது ஓரளவு நன்றாகவே பிடித்துக்கொள்கிறது, வகுப்பில் சத்தம் இருந்தால்தான் குழம்பும். ஆனால் முற்றுப்புள்ளி, கமா, பெரிய எழுத்து எல்லாம் பாதி இடங்களில் விழாது, சில வார்த்தைகள் தப்பாகவும் விழும். அது நமக்கு நல்லது. அப்படி விழுந்த எட்டுப் பத்து வரியைப் புரொஜெக்டரில் போட்டு, எங்கே நிறுத்த வேண்டும், எது ஒரு வாக்கியம், எது இரண்டு வாக்கியம் என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து பிரிக்கட்டும். நிறுத்தற்குறிகளை விதியாகப் பத்து முறை நடத்தினாலும் ஏறாதது, தங்களில் ஒருவன் பேசிய பேச்சைப் பிரிக்கும்போது ஏறும். தனக்கும் ஆங்கிலத்தில் பத்து வரி வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அடுத்த முறை பேனாவை மூடி வைக்காது.

மொழிபெயர்ப்பு ஆப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பிள்ளைகள் அதைத்தான் சாட்ஜிபிடியைவிட அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது என் அனுபவம். ஒரு வார்த்தைக்குப் பயன்படுத்தினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அகராதியைப் புரட்டுவதும் அதுவும் ஒன்றுதான். முழு வாக்கியத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை போட்டு நிறுத்துவதைவிட, அதன் தப்பைப் பிள்ளைகளே பிடிக்க விடுங்கள். நாம் பேசும் தமிழில் எழுவாயைப் பாதி நேரம் சொல்வதே இல்லை. நேற்று வந்தாங்க, சாப்பிட்டாங்க, உடனே கிளம்பிட்டாங்க என்று அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை தட்டினால், வந்தது ஒரு ஆளா நாலு பேரா, ஆணா பெண்ணா என்று மெஷின் குத்துமதிப்பாகத்தான் போடும். அதைத் திரையில் போட்டு, யார் வந்தது, மெஷின் யார் வந்ததாக நினைக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும், வகுப்பே கலகலவென்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் அன்றைக்கே மனதில் நிற்கும்.

எழுதும் நேரத்தில் ஃபோன் மேசைக்குள், லேப் பூட்டு. ரஃப் நோட்டில், கையால், பதினைந்து நிமிடம். தெரியாத வார்த்தைக்குக் கோடு போட்டுவிட்டு, இல்லையென்றால் தமிழிலேயே எழுதிவிட்டு மேலே போகட்டும். நீங்கள் நடுவில் போய்த் திருத்த வேண்டாம், ஸ்பெல்லிங் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முதல் வரைவை லேபில் கம்ப்யூட்டரில் எழுத வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் பிள்ளைக்கு ஒரு பீரியடில் ஐந்து வரிகூட வராது, யோசிக்கிற வேலை எல்லாம் எழுத்தைத் தேடுவதில் போய்விடும். வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்கள் கொஞ்சம் வேகமாகத் தட்டுவார்கள், ஆனால் அவர்களுக்கும் கீபோர்டு அடுத்த வார்த்தையை எடுத்து நீட்டும்போது அதைத் தொட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. அப்படித் தொட்டுத் தொட்டு எழுதினது யாருடைய வாக்கியம்? போதாததற்குப் பொதுத்தேர்வும் கையால்தான்.

இனி திருத்தம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் சலிப்பு தெரிவது இந்த இடத்தில்தான். 43 நோட்டிலும் எல்லாத் தப்பையும் சிவப்பில் சுழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டாம் மொழியில் எழுதுபவர்களுக்கு இலக்கணத் திருத்தமே பயன்படாது, அதை விட்டுவிடுங்கள் என்று ஜான் ட்ரஸ்காட் என்கிற ஆய்வாளர் 1996இல் எழுதினார். 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்து எழுதினார், அந்த வாதம் பல வருஷம் ஓடியது. நான் ட்ரஸ்காட் அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் ஒரு பக்கத்தில் முப்பது சிவப்புச் சுழி பார்த்த பிள்ளை அதில் ஒன்றைக்கூட உட்கார்ந்து படிப்பதில்லை, கடைசியில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடுகிறது, இது உங்களுக்கும் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு தப்பு, மிஞ்சினால் இரண்டு. இந்த வாரம் வினைச்சொல் விட்டுப்போனதை மட்டும் பார்ப்போம் என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

எதை முதலில் எடுப்பது என்பதில் மெஷினைவிட நீங்கள் பல மடங்கு மேல். மை ஃபாதர் ஃபார்மர் என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. கிராமர்லி மாதிரி இலக்கணம் திருத்தும் ஒரு கருவியில் போட்டால் நடுவில் ஒரு இஸ்ஸும் ஒரு ஏயும் சேர்த்து அழகாக்கிக் கொடுத்துவிடும், ஏன் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லாது. உங்களுக்குக் காரணம் தெரியும். என் அப்பா விவசாயி என்பது தமிழில் முழு வாக்கியம், அங்கே வினையே தேவை இல்லை, பிள்ளை தன் மொழியின் ஒழுங்கை அப்படியே கொண்டுவந்திருக்கிறது. அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். இரண்டு வாக்கியத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தமிழில் இது இல்லாமல் நிற்கும், ஆங்கிலத்தில் இது இல்லாமல் நிற்காது என்று காட்டிவிட்டால் போதும். அப்புறம் காலம், அதாவது நேற்று நடந்ததா தினமும் நடப்பதா என்பது. அதற்கடுத்து வாக்கியத்தின் வரிசை. ஏ, ஆன், தி மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். தமிழில் அதற்கு முழு ஈடாக எதுவும் இல்லை, வருஷக்கணக்கில் படித்துத்தான் அது படியும், ஒன்பதாம் வகுப்பில் அதற்காகச் சிவப்பு மையைச் செலவழிக்காதீர்கள்.

இங்கே உங்கள் கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் வேலை இருக்கிறது. 43 நோட்டையும் வேகமாக ஒரு முறை படியுங்கள், திருத்துவதற்காக இல்லை, தேர்ந்தெடுப்பதற்காக. மூன்று பக்கத்தைப் படம் எடுங்கள், பெயர் தெரியாதபடி, அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு. மறுநாள் திரையில் போடும்போது முதல் கேள்வி, இதில் உங்களுக்குப் பிடித்த வரி எது என்பதாக இருக்கட்டும். இதை விட்டுவிடாதீர்கள். தன் வரியைப் பார்த்து நாலு பேர் நல்லா இருக்கு என்று சொல்லிக் கேட்ட பிள்ளை, அடுத்து வரும் திருத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கும். இரண்டாவது கேள்வி, இதில் இன்னும் என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்பது. அதற்கப்புறம்தான் இந்த வாரத்துத் தப்பு. எல்லாரும் தங்கள் நோட்டை எடுத்து அந்த ஒரு தப்பைத் தாங்களே தேடி, பென்சிலில் மாற்றட்டும். இப்படிச் செய்தால் ஒரு வாரத்துக்கு நீங்கள் முழுதாகத் திருத்துவது ஆறேழு நோட்டு, சுற்றுமுறையில் எல்லாருக்கும் வரும். மெல்லக் கற்கும் பிள்ளைகளின் நோட்டை மட்டும் கூடுதலாகப் பாருங்கள், அவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து, வாயால்.

லேப் இதற்குப் பிறகுதான். இணையம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டர் உண்மையில் நன்றாகச் செய்யும் வேலை வாக்கியத்தைத் தூக்கி இடம் மாற்றுவது. நோட்டில் ஒரு வரியை மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் பிள்ளை முழுப்பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும், அந்த அலுப்பிலேயே திருத்தி எழுதுவதை வெறுக்கிறது. ஆகவே வகுப்பில் ஒருவர் எழுதியதை நீங்களே வேர்டில் தட்டி ஏழு கம்ப்யூட்டரிலும் போட்டு வையுங்கள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் என்றால் ஒரு நேரத்தில் 21 பேர், பாதி வகுப்பு லேபில், மீதி வகுப்பு நூலகத்திலோ இன்னொரு ஆசிரியரிடமோ. முதல் வரியாக எது வந்தால் படிக்க ஆசை வரும், எந்த வரியை எடுத்துவிடலாம், எங்கே ஒரு வரி குறைகிறது என்று மூன்று பேரும் பேசி மாற்றட்டும். எல்லாவற்றையும் சேமித்து, ஏழு விதமாக மாறியிருப்பதை ஒன்றன் பின் ஒன்றாகத் திரையில் காட்டுங்கள். எழுதியதை மாற்றலாம், மாற்றுவதும் எழுதுவதுதான் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். ஃபேர் நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கிறோம்.

சாட்ஜிபிடிக்கு வருகிறேன். பிள்ளைகளைக் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். அந்த நிறுவனத்தின் விதியிலேயே 13 வயதுக்குக் கீழே கூடாது, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. 2023இல் வந்த நம் நாட்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது ஆகாதவர்களைக் குழந்தைகள் என்றுதான் சொல்கிறது. நீங்கள் பயன்படுத்துங்கள், அதுவும் பிள்ளையின் பெயர், ஊர் எதையும் உள்ளே போடாமல். ஒரே விஷயத்தில் இரண்டு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒன்று வெறும் பொதுப்பேச்சாக, இன்னொன்று விவரங்களோடு, எளிய வார்த்தைகளில். அதைத் திரையில் போட்டுப் பிள்ளைகளையே மதிப்பெண் போட வையுங்கள், எது நல்லது, ஏன் என்று. மெஷின் எழுதியதற்கு மதிப்பெண் போட்டுப் பழகினவர்களுக்கு அதன் வழவழப்பான பொதுப்பேச்சு சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆனால் எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் வரிவரியாகப் படித்துவிடுங்கள், அது தப்பையும் அதே தைரியத்தோடு சொல்லும்.

காப்பியைக் கண்டுபிடிக்க, அதாவது எழுதியது மனிதரா மெஷினா என்று சொல்ல, டிடெக்டர் என்று இணையத்தில் நிறைய இருக்கிறது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அவற்றை நம் பிள்ளைகள் மேல் பயன்படுத்தாதீர்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை 7 டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் மெஷின் எழுதியது என்று வந்தது. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதைப் போட்டால் ஏறக்குறைய எல்லாமே சரியாக வந்தது. காரணம், தெரிந்த கொஞ்ச வார்த்தைகளை வைத்து எளிமையாக எழுதுகிற எழுத்தை அந்தக் கருவிகள் மெஷினுடையது என்று நினைத்துக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் எழுதுவது அப்படித்தானே? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் டிடெக்டர் துல்லியமாக இல்லை என்று அதே 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. முதன்முறையாகச் சொந்தமாக நாலு வரி எழுதிய பிள்ளையைப் பார்த்து இது நீ எழுதியதில்லை என்று சொன்னால் அது மறுபடி எழுதாது, என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சந்தேகம் வந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறாய் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எழுதினவன் சொல்லிவிடுவான், கூடுதலாக இரண்டு விஷயமும் சொல்வான். எழுதாதவன் திணறுவான். திணறினால் வகுப்பு முன்னால் வைத்துக் கேட்காதீர்கள், தனியே கூப்பிட்டு, அந்தக் காப்பியில் உனக்குப் புரிந்த வரி எது, அதை வைத்து நாம் ஆரம்பிப்போம் என்று சொல்லுங்கள். எழுத்து வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதையே நிறுத்திவிட்டால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். எழுதுவது முழுக்க வகுப்பில், வீட்டில் செய்ய வேண்டியது கேட்டு வருவது மட்டும், பாட்டியிடம் ஒரு கதை, அம்மாவிடம் ஒரு சமையல் குறிப்பு, தமிழில்.

பொதுத்தேர்வைப் பற்றி. கடிதம், நோட்டீஸ், விளம்பரம், ஹிண்ட்ஸ் டெவலப்மென்ட் (குறிப்புகளை விரித்து எழுதுவது), படத்தைப் பார்த்து எழுதுவது என்று பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வருவதெல்லாம் வடிவம் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள். அனுப்புநர், தேதி, விளிப்பு, கையெழுத்து எங்கே வரும் என்பதை மனப்பாடமாகவே கற்றுக்கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஒன்றிரண்டு பீரியடில் முடியும். உள்ளே வரும் ஆறேழு வரி மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும். படத்தைப் பார்த்து எழுதும் கேள்விக்கு எந்தக் கைடும் உதவாது, என்ன படம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்கடையைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பழகின பிள்ளை அதைத் தொடாமல் விட்டுவிட்டு வராது. ஆனால் இதைப் பத்தாம் வகுப்பில் அரையாண்டுக்குப் பிறகு தொடங்க முடியாது, அப்போது உங்களுக்கும் நேரம் இருக்காது, பிள்ளைகளுக்கும் பயம் ஏறியிருக்கும். ஒன்பதாம் வகுப்புதான் சரியான இடம், நல்லவேளை நீங்கள் இப்போதே கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரம் ஒரு பீரியட், பெட்டிக்கடை, இரண்டு பேராகப் பேசுவது, பதினைந்து நிமிடம் எழுதுவது, மறுநாள் மூன்று பக்கம் திரையில். இதை மூன்று நாலு வாரம் செய்து பிள்ளைகளுக்குப் பழகின பிறகு லேபுக்குப் போங்கள். கூட்டுப் பள்ளி, அதாவது கடிதம் எழுதிக்கொள்ள அந்த வெளிமாநிலப் பள்ளி, தேட நேரம் பிடிக்கும், அந்த வேலையை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆனாலும் சோர்ந்துவிடாதீர்கள், அந்தப் பக்கத்து ஆசிரியருக்கும் உங்களைப் போலத்தான் பாடத்திட்டமும் தேர்வும் இருக்கும். மாதத்துக்கு ஒரு கடிதப் போக்குவரத்து என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பாரமாகாது.

ஹெச்.எம். டெக்னாலஜி பயன்பாட்டுக்கு ஆதாரம் கேட்டால், பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஃபோட்டோவைக் கொடுக்காதீர்கள். ஒரே பிள்ளையின் ஜூலை மாதப் பக்கத்தையும் நவம்பர் மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் காட்டுங்கள். எத்தனை வரி கூடியிருக்கிறது, எத்தனை இடத்தில் அந்தப் பிள்ளை தானே அடித்துத் திருத்தியிருக்கிறது என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும். கூட்டுப் பள்ளி கிடைக்காமல் போனால் எனக்கு எழுதுங்கள், பாலக்காட்டுப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.